பையைச் சுமப்பவரின் ஞாயிறு

ஓய்வு என்னும் சொல்லை உழைப்பின் முடிவாகவே எண்ணிப் பழகிவிட்டோம். முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகம் சென்றவர் ஓய்வு பெறுகிறார். நோயில் விழுந்தவரை மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். இரண்டிலும் ஓய்வு என்பது உடல் தளர்ந்த பின்னர் வந்து சேரும் ஒரு கட்டாயம். ஆனால் விவிலியத்தின் முதற் பக்கங்களில் நாம் காணும் ஓய்வு அத்தகையது அன்று. ஏழாம் நாளில் இறைவன் ஓய்ந்திருந்தது களைப்பினால் அல்ல. தாம் படைத்ததைக் கண்டு மகிழ்வதற்காக. மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில் என்றால், அவன் கண் விழித்துக் கண்ட முதல் முழுநாள் ஓய்வுநாள்தான். ஒரு வேலையும் செய்து முடிக்காதவனுக்கு இறைவன் முதலில் கொடுத்தது விடுமுறை. இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் வந்த பின்பு ஊரின் தோற்றம் மாறிவிட்டது. எனினும் சற்றே நகரத்துப் பக்கம் நடந்தால் தறியின் ஓசை காதில் விழும். நெசவாளியின் ஓய்வு அமாவாசையன்று வருகிறது. அன்று தறி ஓடாது. மற்ற நாள்களில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை பாவும் ஊடையுமாகவே பொழுது கழியும். கோர்வைச் சேலை நெய்வதற்கு ஒருவர் போதாது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாதலால், கரைக்கு உரிய நாடாவைத் தள்ளுவதற்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவன் இருப்பான். சேலையைக் கட்டிக்கொள்பவர்கள் நெய்தவரைப் பற்றியாவது எப்போதேனும் விசாரிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியவரை ஒருவரும் கேட்பதில்லை.

நம் குடும்பங்களில் பயணம் என்றால் அது திருத்தலப் பயணம்தான். வேளாங்கண்ணி, பூண்டி, வில்லியனூர் என்று நேர்ச்சையை முன்னிட்டே பெட்டி கட்டுவோம். விளையாடுவதற்காகக் கடல் கடந்து போவது என்பதை என் தலைமுறையினர் நினைத்தும் பார்த்ததில்லை. ஆகவே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் மருமகன், “மாமா, இலங்கையில் நுவரெலியாவுக்குக் கோல்ஃப் ஆடப் போகிறேன். அப்படியே கொழும்பையும் பார்த்துவிட்டு வரலாம். இந்தமுறை நீங்களும் கட்டாயம் வரவேண்டும்” என்று அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகளும் நான்கு வயதுப் பேரனும் உடன் வருவதாகச் சொல்லவே, நானும் புறப்பட்டேன்.

மருமகனுக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழி நம் பகுதியின் அண்மை வரலாற்றோடு தொடர்புடையது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் 1990-களின் பிற்பகுதி தொடங்கி மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மேலதிகாரிகள் வந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் வந்தது. மேலதிகாரி மட்டையைத் தூக்கினால் கீழே இருப்பவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் அலுவலகத்துக்காக ஆடியவர், பின்பு அதன்மேல் உண்மையாகவே பற்றுக் கொண்டுவிட்டார்.

தமிழில் இதனைக் குழிப்பந்தாட்டம் என்பர். பரந்த புல்வெளியில், ஏறத்தாழ 46 கிராம் எடையுள்ள ஒரு சிறு வெண்பந்தை மட்டையால் அடித்து, நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அப்பால் இருக்கும் குழியில் விழச் செய்ய வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஒரு சிறு சொம்பின் வாயளவு. இப்படிப் பதினெட்டுக் குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர்.

இதன் தாயகம் ஸ்காட்லாந்து. 1457-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதன்பின் சென்றதே காரணம். பிற்காலத்தில் ஞாயிறன்று வழிபாட்டு நேரத்தில் ஆடியவர்களை அங்குள்ள திருச்சபை அழைத்துக் கண்டித்தது. இந்த ஆட்டத்தின் தலையாய களமாக மதிக்கப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பழைய திடலில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமான ஆட்டம் இல்லை. அன்று ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்தரையில் உலாவுகிறார்கள். வாரம் முழுவதும் பணம் கட்டியவர்களுக்கு உரியதாக இருக்கும் நிலம், ஏழாம் நாள் எல்லார்க்கும் உரியதாகிறது. மருமகன் இதைச் சொன்னபோதுதான் இந்த ஆட்டத்தின் மீது எனக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு உண்டாயிற்று.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இது சென்றது. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் மன்றம் தோன்றிவிட்டது. நம் மாநிலத்தில் கிண்டியிலும் உதகையிலும் ஆடினார்கள். கொடைக்கானல் மன்றம் 1895-இல் ஏற்பட்டது. இலங்கையில் கொழும்பு மன்றம் 1879-இலும், நுவரெலியா மன்றம் 1889-இலும் தொடங்கின. குளிரும் புல்லும் பனியும் கிடைத்த இடங்களில் எல்லாம் அவர்கள் தங்கள் ஊரின் ஒரு துண்டைப் பரப்பிக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரங்கூட ஆவதில்லை. ஆனால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து நானுஓயா வரை ரயிலில் செல்ல ஏறக்குறைய ஒரு பகல் வேண்டும். அட்டனைத் தாண்டியதும் இருபுறமும் தேயிலை தொடங்குகிறது. மலையை யாரோ பச்சைக் கம்பளத்தால் போர்த்தி ஓரங்களை மடித்துத் தைத்ததுபோல ஓர் ஒழுங்கு. நிலையங்களின் பெயர்ப் பலகைகளிலும் தோட்டங்களின் பெயர்களிலும் ஸ்காட்லாந்து நாடு தெரிகிறது. கொழுந்து பறிப்பவர்களின் முகத்திலோ தமிழ்நாடு தெரிகிறது. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்க நிற்கும் ஒரு பெண், ரயிலை நோக்கிக் கையசைத்த என் பேரனைப் பார்த்துத் தானும் கையசைத்தாள்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840-களின் பிற்பகுதியில் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை அமைக்க முயன்றார். செங்கல்லால் கட்டிய அஞ்சலகமும், ஆளுநர் கிரகரியின் பெயர் தாங்கிய ஏரியும், விக்டோரியா பூங்காவும் அந்தக் காலத்தை இன்னும் விட்டுவிடவில்லை. கோல்ஃப் திடல் ஊருக்கு நடுவிலேயே கிடக்கிறது. உயர்ந்த மரங்களுக்கு இடையே சிற்றோடைகள் குறுக்கிட, ஏறியும் இறங்கியும் செல்லும் புல்வெளி. மகளும் பேரனும் ஏரிப் பக்கம் போய்விட, நான் மருமகனோடு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அந்தத் திடலில் நடந்தேன்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. நடுவர் ஒவ்வோர் ஆட்டக்காரரோடும் நடப்பதில்லை. புதருக்குள் பந்து விழுந்தால், மட்டை தெரியாமல் அதில் பட்டுவிட்டால், பார்த்தவர் அவர் ஒருவரே. தம் அடிகளைத் தாமே நேர்மையாக எண்ண வேண்டும். தவறினால் தமக்குத் தாமே தண்டம் விதித்துக்கொள்ள வேண்டும். 1925-இல் அமெரிக்கப் பெரும் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர், பந்து சற்றே அசைந்ததை வேறெவரும் பார்க்காதபோதும், தாமாகவே ஓர் அடியைக் கூட்டிச் சொன்னார். அதனால் ஆட்டம் சமநிலைக்கு வந்து, பின்பு நடந்த முடிவாட்டத்தில் அவர் தோற்றார். புகழ்ந்தவர்களிடம், திருடாதவனைப் பாராட்டுவதா என்ற பொருளில் அவர் விடையளித்ததாகச் சொல்வார்கள். நம் ஊர்த் தறியிலும் இதுதான் நியாயம். ஊடை நெருக்கமாக விழுந்ததா, ஓரிடத்தில் தளர்ந்ததா என்பது நெய்தவருக்குத்தான் தெரியும். மனச்சான்றை ஆய்வு செய்யும் பழக்கமுள்ள நமக்கு இது புதிதன்று. புல்வெளியில் அதைச் சந்தித்ததுதான் புதிது.

மருமகனுக்குப் பதினான்கு மட்டைகள் கொண்ட பை ஒன்று உண்டு. அதைச் சுமந்துகொண்டு, பந்து விழுந்த இடத்தைக் கண்டு சொல்லி, எந்த இடத்துக்கு எந்த மட்டை என்று எடுத்துக் கொடுப்பவரை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்கிறார்கள். வீட்டின் இளைய மகனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்ததாம். தமிழில் அந்த ஒலிக்கு வேறு பொருள் வந்துவிடும். எங்களோடு நடந்தவரோ அதற்கு நேர்மாறானவர். ஆதலால் பை சுமப்பவர் என்றே எழுதுகிறேன்.

அவருக்கு வயது அறுபது. உயரம் குறைவு, நடையில் வேகம். பன்னிரண்டு வயதில் இந்தத் திடலுக்கு வந்தவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தச் சரிவில் பந்து உருளும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். முதல் நாள், “சார்” என்று மட்டும் பேசினார். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் “ஐயா” ஆனேன். மருமகன் குறிபார்த்து நிற்கும் நேரங்களில் நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோம்.

“எங்க பூட்டனாரு திருச்சிப் பக்கத்திலேருந்து வந்தவருங்க ஐயா. ஊர் பேரு அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது” என்றார்.

இந்த வரலாற்றின் சுருக்கத்தை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். 1820-களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிமார் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள் சேர்த்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மலைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் காப்பிச் செடிகளை நோய் தாக்கத் தொடங்கியபின் தேயிலையே மலையை ஆண்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. லயத்தில் இருந்தவர்கள் மாறவில்லை. இலங்கை விடுதலை பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களை எண்ணி வைப்பதைப்போல மனிதரை எண்ணி வைத்தார்கள்.

“நான் பொறந்த வருசந்தாங்க ஐயா அந்த ஒப்பந்தம். அண்ணன் குடும்பம் தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் வந்து கூடலூருக்குப் போயிருச்சு. அங்கேயும் தேயிலைதான். நான் இங்கேயே நின்னுட்டேன். ரெண்டாயிரத்து மூணுலே சட்டம் வந்த பெறகுதான் நானும் ஒரு நாட்டுக்காரன் ஆனேன்.”

“அண்ணனைப் பார்த்தீர்களா?”

“ஒருக்கா வந்திருந்தாரு. அங்கே அவரைச் சிலோன்காரன்னு சொல்றாங்களாம். இங்கே எங்களை இந்தியாக்காரன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டோம்.”

அதைச் சொல்லிவிட்டு, சரிவில் விழுந்த பந்தை நோக்கி விரைந்து நடந்தார். அவருடைய மனைவி முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். நாள் ஒன்றுக்கு 18 கிலோ அளவில் பறித்தால்தான் முழுப்பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். ஞாயிறன்றும் சில வேளை கைக்காசுக்குப் பறிக்கப் போவாராம். “அவளுக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருந்ததே பூசைக்குப் போற ஒரு மணி நேரந்தான்” என்றார்.

சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்தபின், மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்துவிடுமாறு மருமகன் அவரிடம் சொன்னார். அவர் சரியென்று தலையசைத்தார், ஆனால் போகவில்லை. பையின் வாரைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் விசாரித்தபோதுதான், மறுநாள் காலைத் தமிழ்த் திருப்பலி அவருடைய மனைவியின் முதலாண்டு நினைவுக்கு ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் கூடுதலாக வரும் நாள். அன்றைய வரும்படி போனால் அந்த வாரம் வீட்டுச் செலவுக்கு இடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாதக்கணக்கில் வெளிநாட்டார் வராமல் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. “மக போய் நிக்கும் ஐயா. அம்மாவுக்குத்தானே, போதும்” என்றார். அவர் முகத்தில் அது போதும் என்று எழுதியிருக்கவில்லை.

மருமகன் சற்றுநேரம் பேசாமல் நின்றார். காலை ஆட்டத்துக்கு இடம் பிடித்துப் பணமும் கட்டியாகிவிட்டது. “நாளைக் கூலியைத் தந்துவிடுகிறேன். நீங்கள் பூசைக்குப் போங்கள்” என்றார். பெரியவர் உடனே மறுத்தார். “வேலை செய்யாத கூலி வேண்டாமுங்க தம்பி. அது அவ பூசைக்கும் நல்லா இருக்காது.” அந்தச் சொல்லில் கோபம் இல்லை, ஆனால் உறுதி இருந்தது. கடைசியில், ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்வதென்றும், காலையில் நாங்களும் அதே திருப்பலிக்கு வருவதென்றும் முடிவாயிற்று.

அது சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு, பிப்ரவரி 11. பெரியவர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, தலைவாரி, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் முன்வரிசையில் இருந்தார். இரண்டு நாளும் எங்களுக்கு ஓரடி பின்னால் நடந்தவர் அன்று எங்களுக்கு நான்கு வரிசை முன்னால் இருந்தார். நினைவு கூரப்படுவோரின் பெயரைக் குரு வாசித்தபோது அவர் தோள்கள் ஒருமுறை அசைந்தன, அவ்வளவே. காலமெல்லாம் கணக்குப் புத்தகத்தில் முழுப்பேராகவும் அரைப்பேராகவும் எழுதப்பட்ட ஒரு பெண்ணின் பெயர், அன்று பீடத்தில் முழுமையாக ஒலித்தது.

திருப்பலி முடிந்து, மறுத்தும் கேளாமல் எங்களை லயத்துக்கு அழைத்துச் சென்றார். நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். வாசலில் இரண்டு ரோஜாச் செடிகள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்து, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கொடுத்தார் மகள். அருமையாக இருக்கிறது என்று என் மகள் சொல்ல, “நல்ல தேயிலை கப்பலேறிடுதுங்க அக்கா. எங்களுக்கு டஸ்ட்டுதான்” என்று அவர் சிரித்தார். என் பேரனும் அவ்வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் ஒரு பழைய கோல்ஃப் பந்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் தங்கள் சட்டப்படி ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியதால் ஒன்பது குழிகளோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மேட்டில் ஏறும்போது மருமகன் பையின் ஒரு பக்கத்து வாரைத் தாம் பிடித்துக்கொள்ளப் போனார். பெரியவர் விடவில்லை. “இது என் வேலைங்க தம்பி. பந்தைப் பாருங்க” என்றார். அந்த இடத்தில் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். அவர் எங்களிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளாகச் செம்மையாகச் செய்துவரும் தொழிலை அவர் இழிவாகவும் கருதவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தம் வேலையும் தம் ஞாயிறும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அவரிடமிருந்து எடுக்காதிருப்பதே நாங்கள் செய்யக்கூடியதாக இருந்தது. ஆயினும் அடுத்த ஞாயிறு வேறொரு விருந்தாளி வருவார். ஏழு மணிக்கு வரச் சொல்வார். ஒரு குடும்பத்தின் நல்லெண்ணத்தால் அது தீர்ந்துவிடாது.

கொழும்பில் மூன்று நாள் தங்கினோம். காலிமுகத்திடலில் மாலையில் காற்று வாங்காதவர் கொழும்பைப் பார்த்தவர் ஆகார். 1859-இல் அங்கே நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அதனைப் பேணுமாறு தமக்குப்பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். அவர் அடுத்த ஆண்டே சென்னைக்கு ஆளுநராக வந்து, வந்த சில வாரங்களில் காலராவுக்கு இரையானார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இலங்கையில் கோல்ஃப் முதலில் ஆடப்பட்டதும் இந்தத் திடலில்தான். பின்னர் மன்றம் பொரளைப் பக்கம் இடம் பெயர்ந்தது. அங்கே களனிவெளி ரயில்பாதை திடலின் ஊடாகவே செல்கிறது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயில் கடக்கும்வரை, மட்டை பிடித்தவர்கள் காத்து நிற்கிறார்கள். உழைப்புக்கு ஆட்டம் வழிவிட்டு நிற்கும் அந்தக் காட்சி என் பேரனுக்கும் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது.

துரைமார் பந்தடித்த அதே காலிமுகத்திடலில், 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் நுழையக் கூடாதென்ற தடை இருந்தபோது, 1687-இல் அவர் ஏழைக் கூலியாள் வேடத்தில் இத்தீவில் இறங்கினார். தமிழும் சிங்களமும் கற்று, 1711-இல் கண்டியில் இறக்கும் வரை உழைத்தார். சுமப்பவரின் உடையில் வந்தவரையே இந்த நாடு தன் திருத்தூதராகக் கொண்டாடுகிறது. 2022-இல் பசியாலும் கோபத்தாலும் மக்கள் கூடி ஆட்சியை மாற்றியதும் இதே கடலோரத்தில்தான்.

புறக்கோட்டைக் கடைகளையும், சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலையும், செட்டியார் தெருவின் கோவில்களையும், கொட்டாஞ்சேனையில் புனித லூசியாவின் பேராலயத்தையும் கண்டோம். புதனன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய நாளில், இந்த ஆலயத்திலும் வேறு இரு ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே நாளில், வழிபட வந்தவர்களும் விடுமுறைக்கு வந்தவர்களும், அவர்களுக்குக் காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் உயிர் துறந்தார்கள். சாம்பலைப் பூசிய குருவின் விரல் தமிழர், சிங்களர், வெளிநாட்டார் என்று பார்க்கவில்லை. மண்ணே என்று நினைவூட்டப்படும் இடத்தில், பையைச் சுமப்பவரும் மட்டை பிடிப்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஊர் திரும்பியபின் ஓய்வுநாள் கட்டளையை விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும் மீண்டும் படித்தேன். அது ‘நீ ஓய்ந்திரு’ என்பதோடு முடிந்துவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாயிலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று ஒரு பட்டியலே தருகிறது. எகிப்தில் நீங்களும் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதைக் காரணமாகவும் சொல்கிறது. 321-ஆம் ஆண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக்கியபோது, உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். பயிர் காத்திராது என்பது காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் யாரோ சிலருக்கு இத்தகைய ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. கொழுந்து முற்றிவிடும், விருந்தாளி காத்திருப்பார், திருமணத்துக்குச் சேலை வேண்டும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக வலியுறுத்தியதும், 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆண்டவரின் நாள் பற்றித் தனி மடலே எழுதியதும் இந்தக் காரணங்களை எதிர்த்துத்தான்.

விளையாட்டைக் குறைகூற நான் வரவில்லை. படைப்பைக் கண்டு மகிழ்வது இறைவன் முதன்முதலில் செய்த ஓய்வு. பனி விலகிய காலையில் அந்தப் புல்வெளியைப் பார்த்து நிற்பதும் அதன் ஒரு பங்கே. வெளியூர் செல்லுங்கள், மலையையும் கடலையும் காணுங்கள், ஆடத் தெரிந்தால் ஆடுங்கள். ஆனால் நம் ஓய்வு யாருடைய முதுகின்மேல் அமர்ந்திருக்கிறது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. ஞாயிறு திருப்பலி முடிந்து குடும்பத்தோடு உணவகத்துக்குப் போகிறோம். தட்டை எடுக்கும் இளைஞன் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவன். நம் பூட்டனார் காலத்தில் கப்பலேறியவர்களைப்போல அவனும் ஊரைவிட்டு வந்தவன். வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், வாயிலில் நிற்கும் காவலாளி, பங்குத் திருவிழாவில் இரவெல்லாம் பந்தல் கட்டுபவர், எல்லாரும் நம் மகிழ்ச்சியின் பையைச் சுமப்பவர்களே.

அவர்களிடம் ஒரு கேள்வியேனும் கேட்கலாம்: உங்கள் ஞாயிறு எந்தக் கிழமை? அவர்கள் அதற்கு ஒரு நாளைச் சொல்ல முடிந்தால் மகிழ்வோம். சொல்ல முடியாவிட்டால், அந்த நாளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பொறுப்பில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆட்டத்தைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றுவதுபோன்ற சிறிய செயலில்கூட அது தொடங்கலாம். அடிகளை எண்ணுவதற்கு நடுவர் வருவதில்லை. நாமேதான் நேர்மையாக எண்ண வேண்டும்.